அமைதியான பருவம்

லூயிஷாம், லண்டன்
மே 3

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் மின்னஞ்சல் உயிர்த்த ஞாயிறு அன்று வந்தது. பதில் எழுத இத்தனை நாள் எடுத்துவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்தார்.

கூப்பிட்டுப் பார்த்தேன். என் இலக்கத்தை இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். போனில் என்றால் மூன்றாவது வசனத்தில் இருவரும் கத்தத் தொடங்கிவிடுவோம். எழுத்தில் ஆளுக்காள் குறுக்கே கதைக்க முடியாது.

நடேஜுக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். "எத்தினை மாசமாம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உரித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு டிவியைப் போட்டார். அழுதாரா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை செபமாலை சொன்னார். இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய நத்தார்ப் பண்டிகையை நீங்கள் மறக்கவில்லை என்று தெரியும். நான் மட்டும் மறந்தேனா? படிக்கட்டில் பெட்டியோடு நடேஜ் நின்றதும், அம்மா கதவைப் பாதி திறந்து "நீ மட்டும் உள்ள வா" என்று உங்களிடம் சொன்னதும், வேலை முடிந்து வந்தபோது எனக்குச் சொல்லித்தான் தெரியும். அதற்குள் நீங்கள் இருவரும் போய்விட்டீர்கள்.

அண்ணி சுகமாக இருக்கிறாரா? எழுதுங்கள்.

றூபினி

*

மே 19

றூபி,

அண்ணி என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை நடேஜுக்கு வாசித்துக் காட்டினேன். அர்த்தம் சொன்னதும், சமைக்கும்போதெல்லாம் "அன்னி, அன்னி" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள். 'ண்' அவளுக்கு வராது. விட்டுவிட்டேன்.

பாரிஸை விட்டு நான் நடேஜின் ஊரான இந்தத் தீவுக்கு வந்தபோது நீ சிரித்தாய். "புயல் படிக்கிறவள் லண்டனில, ஃபிரிட்ஜ் திருத்துறவன் புயலுக்குள்ள" என்றாய். இப்போது உன் படிப்பு எனக்குத் தேவைப்படுகிறது.

நடேஜுக்கு முப்பத்தெட்டு வயது. இரத்த அழுத்தம் கூடுகிறது. இங்கே ஒரு சின்ன கிளினிக்கும் ஒரு மருத்துவிச்சியும்தான். ஆஸ்பத்திரி பெரிய தீவில். லோஞ்ச் படகில் ஒரு மணித்தியாலம். பிள்ளை செப்டம்பர் கடைசியில். அதுதான் புயல் காலத்தின் நடு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன பெரிய புயலில் நடேஜின் தாயின் வீட்டுக் கூரை மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்ததாம். அதனால் அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

ஜூலையில் லண்டனுக்கு வந்து, பிள்ளை பிறந்தபின் திரும்பலாம் என்று யோசிக்கிறோம். அம்மாவிடம் நான் கெஞ்ச மாட்டேன். அதை நீயும் செய்யாதே. நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. இந்த வருடம் புயல் வருமா? நாங்கள் இங்கேயே நிற்கலாமா, வெளிக்கிட வேண்டுமா? உன் வேலையே அதுதானே.

ஜெஸ்ரின்

*

லூயிஷாம்
ஜூன் 2

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன். "வாறதெண்டால் அவன் மட்டும் வரட்டும்" என்றார். அவ்வளவுதான். இந்தக் கவுன்சில் வீடு அவர் பெயரில் இருக்கிறது. நான் இங்கே ஓர் அறையில் இருக்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. பசிபிக் கடல் இந்த ஆண்டு சூடாகிவருகிறது. எல் நினோ என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அது வந்தால் அட்லாண்டிக்கின் மேலே, வெகு உயரத்தில், காற்று குறுக்கே பலமாக ஓடும். எழும்ப நினைக்கிற புயலின் தலையை அந்தக் காற்றுச் சீவிவிடும். அதனால் இந்தப் பருவம் அமைதியாக இருக்கும், வழமையிலும் குறைவான புயல்கள்தான் என்று எங்கள் குழு போன கிழமை அறிவித்திருக்கிறது. அறிக்கையில் என் பெயரும் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அட்லாண்டிக் இருபது முப்பது ஆண்டு சூடாகவும், பிறகு இருபது முப்பது ஆண்டு குளிராகவும், மூச்சு விடுவதுபோல மாறிமாறி இருக்கும் என்றுதான் படித்தோம். இப்போது அது வெளியே விடவேண்டிய மூச்சை விடவில்லை, குளிராமலே கிடக்கிறது. இது மூச்சா, காய்ச்சலா என்று அலுவலகத்தில் ஆளோடு ஆள் சண்டை. பசிபிக்கா அட்லாண்டிக்கா, எது வெல்லும் என்பதில் என் எண்ணம் பசிபிக் பக்கம்.

இது முழுக் கடலுக்குமான கணக்கு. ஒரு தீவுக்கு யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. இருந்தாலும் நேரே கேட்டீர்கள், நேரே சொல்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நிற்பேன்.

றூபினி

*

ஜூன் 10

றூபி,

நிற்கிறோம். நடேஜுக்கு நிம்மதி. தாயைத் தனியே விட்டு வர அவளுக்கும் மனமில்லை. உன் கடிதத்தில் கடைசி வரியை மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். அவள் அதைத் தாயிடம் சொன்னாள், தாய் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள். லண்டனில் ஒரு விஞ்ஞானி சொன்னதாம் என்று இப்போது சந்தையில் கதை.

உனக்கு நன்றி. அம்மாவின் பதிலை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஜெ.

*

லூயிஷாம்
ஆகஸ்ட் 9

அண்ணை,

இதை வாசித்ததும் நடேஜ் அண்ணியோடு உட்கார்ந்து யோசியுங்கள். தள்ளிப் போடவேண்டாம்.

நாங்கள் அறிக்கையை மாற்றிவிட்டோம். எல் நினோ வந்திருக்கிறது. ஆனால் அட்லாண்டிக் அதற்குக் காத்திருக்கவில்லை. ஆபிரிக்கக் கரையிலிருந்து உங்கள் தீவு வரை கடல், இந்த மாதத்தில் நாங்கள் ஒருபோதும் பார்த்திராத அளவு சூடாகக் கிடக்கிறது. மேலே காற்றுச் சீவினாலும் கீழே அடுப்பு எரிந்தால் என்ன நடக்கும் என்று எங்களில் எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஜூனில் நான் எழுதிய அந்தக் கடைசி வரியை அழித்துவிடுங்கள்.

வெம்பிளியில் என் சிநேகிதி ஜெனோஜாவின் வீட்டில் மேல்மாடி அறை காலியாக இருக்கிறது. கேட்டுவிட்டேன். கட்டில் போட்டு, துணி விரித்து, எல்லாம் ஆயத்தம். அம்மாவைப் பார்க்கவே வேண்டாம். விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். வாருங்கள் அண்ணை.

றூபினி

*

ஆகஸ்ட் 14

றூபி,

டாக்டரிடம் போய்க் கேட்டோம். இந்த அழுத்தத்தோடு எட்டு மணித்தியாலம் விமானத்தில் இருக்க விடமாட்டாராம். விமானக் கொம்பனியும் அவரின் கடிதம் இல்லாமல் ஏற்றாது. ஜூலையில் என்றால் ஏற்றியிருப்பார்கள்.

செப்டம்பர் பத்துக்குப் பிறகு லோஞ்சில் பெரிய தீவுக்குப் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நடேஜின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் நிற்கப் போகிறோம். அதற்கு முன் அங்கே இடமில்லை. அவர்களின் மகளுக்குக் கலியாணம்.

வெம்பிளி அறைக்கு நடேஜ் நன்றி சொல்கிறாள். எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன். "சும்மா, நினைச்சுப் பாக்க" என்றாள்.

ஜெ.

*

லூயிஷாம்
செப்டம்பர் 6

அண்ணை,

நடுக்கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது. பெயரும் வைத்துவிட்டார்கள். இப்போதைக்குச் சின்னப் புயல்தான். உங்களுக்கு வடக்கே விலகிப் போகும் என்று கணினிகளில் முக்கால்வாசி சொல்கின்றன. எனக்கு அந்தக் கால்வாசியில்தான் கண் நிற்கிறது. போகும் வழி முழுக்கச் சுடுகடல்.

பத்தாம் திகதி வரை பார்த்திருக்காதீர்கள். கலியாண வீடென்றாலும் பரவாயில்லை, ஒரு மூலையில் பாய் போட்டுப் படுங்கள். நாளைக்கே லோஞ்ச் எடுங்கள்.

றூபினி

*

செப்டம்பர் 7

றூபி,

லோஞ்ச் ஓடவில்லை. கடல் கொந்தளிப்பு, இரண்டு நாள் பொறுக்கட்டாம். துறைமுகத்தில் நானே போய்க் கதைத்தேன். மீன்பிடி வள்ளக்காரன் ஒருவன் கொண்டுபோகிறேன் என்றான். திறந்த வள்ளத்தில் அவளை அந்த அலைக்குள் எப்படி ஏற்றுவது? நீயே சொல்லு.

வானொலியில் மழையும் கொஞ்சம் காற்றும் என்கிறார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டேன். காற்றுக் கூடினால் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அது கொங்கிரீட் கட்டடம். பயப்படாதே.

ஜெ.

*

லூயிஷாம்
செப்டம்பர் 8, காலை

அண்ணை, இப்போதே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். ஒரே நாளில் அது முழுப் பலத்துக்கு வந்துவிட்டது. எந்தக் கணினியும் இதைச் சொல்லவில்லை. நேரே உங்களிடம் வருகிறது. வாசித்தால் ஒரு சொல் எழுதுங்கள். ஒரு சொல் போதும்.

*

லூயிஷாம்
செப்டம்பர் 20

அண்ணை,

இதை நீங்கள் எப்போது வாசிப்பீர்கள் என்று தெரியாது. வாசிப்பீர்களா என்பதும் தெரியாது. தீவில் தொலைபேசிக் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டனவாம். பிரெஞ்சுத் தூதரகத்தில் ஓர் இலக்கம் தந்தார்கள். அதில் ஒரு பெண் ஒவ்வொரு நாளும் மிகவும் பண்பாக "தகவல் இல்லை" என்கிறாள். செய்மதி மேலிருந்து எடுத்த படத்தில் உங்கள் மலையைப் பார்த்தேன். பச்சையே இல்லை. எரிந்த மாதிரிப் பழுப்பு. பள்ளிக்கூடக் கட்டடம் நிற்கிறது. அதை மட்டும் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்க்கிறேன்.

உங்கள் மேல் போன அந்தப் புயல் வடக்கே திரும்பி, குளிர்கடலில் பலமிழந்து, நேற்று இங்கே வந்தது. மிச்சம்தான். கொஞ்சக் காற்று, நாள் முழுக்க மழை. லூயிஷாம் சந்தையில் மரக்கறிக்காரன் தறப்பாளை இழுத்துக் கட்டினான். ரயில் இருபது நிமிடம் பிந்தியது. பக்கத்தில் நின்ற மனுசி "என்ன அநியாய மழை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால் அம்மா "பல்கனியில காயிற உடுப்பை எடு பிள்ளை" என்றார். நான் எடுக்கவில்லை. நின்று நனைந்தேன். இதே காற்று உங்களைத் தொட்டிருக்கும் என்று நினைத்தேன். இதையெல்லாம் எழுதக்கூடாதோ தெரியவில்லை. வேறு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மா சாப்பிடுவது குறைந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லி அழுகிறார். நடேஜின் பெயரை இன்னும் சொல்லவில்லை.

றூபினி

*

அக்டோபர் 4

றூபி,

இராணுவக்காரர் ஒரு கூடாரத்தில் இணையம் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று எழுதுகிறேன்.

நடேஜ் இல்லை. பிள்ளை இருக்கிறாள். பெண்பிள்ளை.

நடந்ததைச் சொல்கிறேன், நீ கேட்பாய் என்பதால். உன் எட்டாம் திகதிக் கடிதம் வந்தபோது நாங்கள் ஏற்கெனவே வெளிக்கிட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் தீவின் பாதி இருந்தது. மத்தியானம் காற்று வந்தது. காற்று என்று எழுதுகிறேன், அது அந்தச் சத்தத்துக்குரிய சொல் இல்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கியது. மருத்துவிச்சி எங்களோடுதான் இருந்தாள். நல்ல மனுசி. ஐந்தாம் வகுப்பு அறையில், மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பிள்ளை பிறந்தது. காற்றுச் சத்தத்தில் பிள்ளை அழுதது கேட்கவில்லை. வாய் திறந்ததைத்தான் பார்த்தோம்.

பிறகு இரத்தம் நிற்கவில்லை. மருத்துவிச்சி தன்னால் முடிந்ததெல்லாம் செய்தாள். "ஆஸ்பத்திரி எண்டால் அரை மணித்தியால வேலை" என்று அவள் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. காற்று அடங்கியதும் துறைமுகத்துக்கு ஓடினேன். துறைமுகம் இல்லை. ஒரு வள்ளமும் இல்லை. திரும்பி ஓடி வந்தேன். அவளுக்கு நினைவு இருந்தது. பிள்ளையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "சின்னதாக இருக்கிறாள்" என்றாள். விடிவதற்கு முன் போய்விட்டாள். அதற்கு அடுத்த நாள்தான் ஹெலிகொப்டர் வந்தது.

கோயிலுக்குக் கூரை இல்லை. மழைக்குள் சுவாமியார் பூசை வைத்தார். அன்றைக்கு ஏழு பேரை ஒன்றாக அடக்கம் செய்தோம்.

உன் மழைக்கடிதத்தையும் இப்போதுதான் வாசித்தேன். இனி அப்படி எழுதாதே.

ஜெஸ்ரின்

*

லூயிஷாம்
அக்டோபர் 6

அண்ணை,

பல தடவை எழுதி அழித்தேன்.

அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். நிலத்தில் இருந்துவிட்டார், தூக்கி எழுப்ப முடியவில்லை. பிறகு கோயிலில் அண்ணியின் பெயருக்குப் பூசை சொல்லிக் காசு கட்டினார். பெயரை எழுதச் சொன்னபோது, எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டார்.

நேற்று என்னைக் கூப்பிட்டு, "பிள்ளையைக் கொண்டு வரச் சொல்லு. நான் வளப்பன்" என்றார். கட்டில் வாங்கவேண்டும் என்கிறார். பழைய சாமான் அறையை ஒதுக்கத் தொடங்கிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் என் எண்ணத்தைக் கலக்கவில்லை.

என் எண்ணமும் அதுதான். குளிரில் என்றாலும் ஒரு கூரைக்குள் இருப்பாள்.

றூபினி

*

நவம்பர் 11

றூபி,

அவள் உயிரோடு வாசலில் நின்றபோது, பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க ஓர் அடி இடம் இருக்கவில்லை. இப்போது சாமான் அறையை ஒதுக்குகிறார். அம்மாவிடம் சொல்லு, பிள்ளை நிறத்திலும் மூக்கிலும் தலைமயிரிலும் முழுக்க நடேஜ்தான். என்னை எங்கே என்று தேடவேண்டும். இந்த முகத்துக்குத்தான் கதவு பாதி திறந்தது.

உனக்கும் ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜூனில் நீ "இங்கே இடமில்லை அண்ணை" என்று மட்டும் எழுதியிருக்கலாம். நான் வேறு வழி பார்த்திருப்பேன். பாரிஸில் என் கூட்டாளி தவராசாவின் வீட்டில் ஒரு மூலை கிடைத்திருக்கும். நீ அதை எழுதாமல், பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் சாட்சிக்குக் கூப்பிட்டாய்.

பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை. வசதியான உண்மையாக இருந்தது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அதனால்தான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இனி எழுதாதே என்று சொல்ல மாட்டேன். பதில் எதிர்பார்க்காதே.

ஜெ.

*

லூயிஷாம்
ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணைக்கு,

நத்தாருக்கு எழுதினேன். தவக்காலத்தில் எழுதினேன். பதில் எதிர்பார்க்காதே என்றீர்கள், எதிர்பார்த்தேன்.

நவம்பரில் நீங்கள் எழுதியதை நான் மறுக்கப் பார்த்தேன். எண்கள் உண்மையில் அப்படித்தான் இருந்தன, அம்மா மறுக்காவிட்டாலும் அதையேதான் எழுதியிருப்பேன் என்று. அப்படி எழுதியிருப்பேனா என்று யோசிக்கும்போது எனக்கு எந்தப் பக்கமும் தெரியவில்லை. இதற்குக் கணினி கிடையாது.

அம்மாவுக்கு மாசியில் பாரிசவாதம் வந்தது. வலது கை வேலை செய்யாது. கதைப்பதும் குழறுகிறது. சாமான் அறையில் பிள்ளைக்கு வாங்கிய கட்டில் கிடக்கிறது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க என்னை விடவில்லை.

நாளைக்கு எங்கள் புதிய அறிக்கை வெளிவருகிறது. செய்தியில் கேட்பதற்கு முதல் என்னிடமிருந்து கேளுங்கள். எல் நினோ முடிந்துவிட்டது. பசிபிக் குளிர்கிறது. மேலே சீவுகிற காற்று இந்த முறை இல்லை. அட்லாண்டிக் போன வருடத்தைவிடச் சூடு. இந்தத் தடவை இரண்டு கடலும் ஒரே பக்கம். குழுவில் ஒருவர்கூட வாதாடவில்லை. கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

நீங்கள் என்னை நம்பவேண்டாம். அறிக்கையை நம்புங்கள். பிள்ளையோடும் அவளின் அம்மம்மாவோடும் பாரிஸுக்காவது போங்கள். அங்கே நிற்கவேண்டாம். என் முகத்தில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

றூபினி

*

மே 6

றூபி,

பிள்ளையின் பெயர் லியா. நடேஜ் வைத்த பெயர். பல் வருகிறது, எல்லாவற்றையும் கடிக்கிறாள்.

பாரிஸுக்குப் போகலாம்தான். நடேஜின் தாயிடம் கேட்டேன். அவளுக்கு எழுபது வயது. "என்ரை மகளை வைச்ச இடத்தை விட்டு எங்கை வர?" என்ற மாதிரி, அவளின் பாசையில் சொன்னாள். பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துக்கொண்டு போக என்னாலும் ஏலாது. லியா அவளின் கையில்தான் நித்திரை கொள்கிறாள். என் கையில் கத்துகிறாள்.

அம்மாவின் சுகத்தைக் கேட்டு மனவருத்தம்தான். மனதில் வேறு ஒன்றும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

உங்கள் அறிக்கை இங்கேயும் வந்தது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் மேயர் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். கோயிலுக்கு மேலே இன்னும் தறப்பாள்தான், காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் சத்தம் போட்டு வாசிக்கவேண்டியிருந்தது. எழுதியவர்களின் பெயர்களையும் வாசித்தார். உன் பெயரைப் பிழையாக வாசித்தார், நான் திருத்தவில்லை. கூரைகளைப் பலப்படுத்துங்கள், தண்ணீர் சேர்த்து வையுங்கள் என்றார். கப்பல் மாசியில் கொண்டுவந்த தகரம் பாதி வீட்டுக்குத்தான் காணும். ஆணி இல்லை, பலகை இல்லை. லோஞ்ச் துறையைக் கட்ட இன்னும் இரண்டு வருடம் எடுக்குமாம்.

யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று மேயர் கொஞ்ச நேரம் நின்றார். கிழவி லியாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். எல்லோரும் வீட்டுக்குப் போனோம். வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஜெஸ்ரின்